கைவைக்காத ஆக்டேவியா ஆர்எஸ் வாங்குவது எப்படி? தேடலில் இருந்து பெயர் மாற்றம் வரை

“ஃபுல் ஸ்டாக் வண்டி சார், ரீமேப் கூடப் பண்ணலை.” பழைய பெர்ஃபார்மன்ஸ் கார் தேடிப் போகிறவர்கள் இந்த வசனத்தைத் தவறாமல் கேட்பார்கள். சொல்பவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கு அந்த வண்டி உண்மையிலேயே ஸ்டாக்காக, அதாவது கம்பெனி கொடுத்தபடியே, நிற்கலாம். நேற்று எப்படி இருந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய கேள்வி. ரீமேப்பை, அதாவது திறனைக் கூட்ட எஞ்சின் மென்பொருளில் செய்த மாற்றத்தை, ஒரு மணி நேரத்துக்குள் அழித்துவிட்டுப் பழைய மென்பொருளை ஏற்றிவிடலாம். டர்போவில் இருந்து புகையை இறக்கும் டவுன்பைப் குழாயை மாற்றியிருந்தாலும் ஒரே நாளில் கழற்றி ஒரிஜினலை மாட்டிவிடலாம். ஆனால் கூடுதல் டார்க்கை (முறுக்குவிசையை)ச் சுமந்து தேய்ந்த கிளட்ச்சும், கூடுதல் சூட்டில் உழைத்த டர்போவும் பழையபடி ஆகாது. ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி, கழற்றப்பட்டு மறைந்துபோன மாற்றங்களைக் கண்டுபிடிப்பது பற்றியது.

உதாரணத்துக்கு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். இந்தியாவில் குறைவாகவே வந்த வண்டி, பின்சீட்டில் குடும்பமும் டிக்கியில் ஊர்ப்பட்ட சாமானும் ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டி, ரீமேப் செய்ய ஆசை காட்டும் வண்டி. போலோ ஜிடி டிஎஸ்ஐ, அபார்த் புன்டோ, ஐ20 என் லைன் தேடுபவர்களுக்கும் முறை ஏறக்குறைய இதேதான்.

முதலில், எந்த ஆர்எஸ்?

2017 ஆகஸ்டில் வந்தது ஆர்எஸ் 230. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், 230 பிஎஸ் (குதிரைத்திறன்), 350 நியூட்டன் மீட்டர் டார்க், ஆறு கியர் டிஎஸ்ஜி எனும் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அறிமுகத்தின்போது ஷோரூம் விலை 24.62 லட்சம். 2020-ல் ஆர்எஸ் 245 வந்தது. முழுமையாக இறக்குமதி செய்யப்பட்ட 200 கார்கள் மட்டும். 245 பிஎஸ், 370 நியூட்டன் மீட்டர், ஏழு கியர் டிஎஸ்ஜி, விலை 35.99 லட்சம். இரண்டிலும் முன்சக்கரம்தான் இழுக்கும். இரண்டு கியர்பாக்ஸும் எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் கொண்டவை. போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில் தொல்லை கொடுத்துப் பெயரைக் கெடுத்துக்கொண்ட உலர் கிளட்ச் டிஎஸ்ஜி வேறு ரகம். அந்தப் பயத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

என்னைக் கேட்டால், பணம் இடித்தால் நல்ல 230-ஐத் தேடுங்கள். 245-இன் கூடுதல் விலையில் கணிசமான பங்கு அது அரிதானது என்பதற்காகக் கொடுப்பது. சாலையில் அந்த 15 பிஎஸ் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

இன்னொன்று. சாதாரண ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ-க்கு ஆர்எஸ் பம்பர், ஆர்எஸ் கிரில், ஆர்எஸ் பேட்ஜ் எல்லாம் மாட்டிய வண்டிகள் உண்டு. பலர் அதை மறைப்பதில்லை, ரசனைக்காகச் செய்திருப்பார்கள். மூன்றாவது கைக்கு வரும்போது அந்தத் தகவல் தொலைந்துபோகும். ஆர்.சி.யில் எஞ்சின் கொள்ளளவைப் பாருங்கள்: ஆர்எஸ் என்றால் 1984 சிசி, 1798 என்றிருந்தால் அது 1.8. இதை வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம்.

ஃபோனிலேயே பாதி வேலை

ஓஎல்எக்ஸ், பழைய கார் நிறுவனங்கள், ஆர்எஸ் உரிமையாளர்களின் வாட்ஸ்அப் குழுக்கள், தெரிந்த மெக்கானிக். கடைசி இரண்டையும்தான் நான் அதிகம் நம்புவேன். இவ்வளவு குறைவாக விற்ற காரில் வண்டிகளின் ஜாதகம் அந்த வட்டத்துக்குள் தெரிந்திருக்கும். “அந்த நீல வண்டியா? அது ஸ்டேஜ் 2-ல ஓடினதாச்சே” என்று ஒருவர் சொல்லும் ஒரு வரி (ஸ்டேஜ் 1 என்றால் ரீமேப் மட்டும், ஸ்டேஜ் 2 என்றால் டவுன்பைப் போன்ற பாகங்களும் மாற்றியது), பத்தாயிரம் ரூபாய் கொடுத்துச் செய்யும் பரிசோதனைக்குச் சமம்.

உரிமையாளரிடம் “மாடிஃபை பண்ணியிருக்கீங்களா?” என்று நேராகக் கேட்டால் “இல்லை” என்றுதான் வரும். அதை விட்டு, போகிற போக்கில், “ஸ்டாக் பார்ட்ஸ் எல்லாம் கையில இருக்கா சார்?” என்று கேளுங்கள். எதையுமே மாற்றாதவர் குழம்பிப்போய், “என்ன பார்ட்ஸ்? எல்லாம் வண்டியிலதான் இருக்கு” என்பார். மாற்றியவர், “எல்லாம் திரும்பப் போட்டாச்சு ப்ரோ” என்று உற்சாகமாகச் சொல்லிவிடுவார்.

அப்புறம் கேட்க வேண்டியவை: எந்த பெட்ரோல் ஊற்றுகிறார், கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினார், டயர் என்ன பிராண்ட், ஏன் விற்கிறார். வண்டியைப் பேணுபவருக்கு இவற்றுக்கெல்லாம் பதில் நாக்கு நுனியில் இருக்கும். ஆர்எஸ் போன்ற வண்டிக்கு மலிவு பிராண்ட் டயர் போட்டு ஓட்டுபவர் மற்ற செலவுகளிலும் கஞ்சத்தனம் காட்டுபவராகத்தான் இருப்பார்.

போவதற்கு முன் காகிதம்

வண்டி எண்ணை வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது, கடன் நிலுவை பதிவாகியிருக்கிறதா என்பது தெரியும். நிலுவை அபராதங்களை இ-சலான் தளத்தில் பாருங்கள். அதிவேகத்துக்கான சலான் வரிசையாக இருந்தால் அதுவும் ஒரு சரித்திரம்தான்.

சர்வீஸ் வரலாற்றை உரிமையாளர் கேட்டால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் தேதியையும் கிலோமீட்டரையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வந்த வண்டி திடீரென்று இரண்டு வருடம் காணாமல் போய், பிறகு விற்பதற்குச் சற்று முன்பு மட்டும் ஷோரூமுக்கு வந்திருக்கிறது என்று வையுங்கள். அந்த இரண்டு வருடத்தில் வெளி கராஜில் என்ன நடந்தது என்று பில் கேளுங்கள். வெளி கராஜில் சர்வீஸ் செய்வது குற்றமில்லை. நல்ல தனியார் கராஜ்கள் பல ஷோரூம்களைவிட மேல். ஆனால் பில் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்?

சட்டம் ஒரு காரணம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அம்சங்களில் இருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு சொல்கிறது. பொறுப்பு உரிமையாளருக்கு. போன உரிமையாளர் மாட்டிய, புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி இல்லாத டவுன்பைப், பெயர் மாறிய மறுநாள் உங்கள் தலைவலி. தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் க்ளெய்மில் இழுத்தடிக்கவும் இடம் உண்டு.

வண்டியைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள்

காலை நேரம் கேளுங்கள். “நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும்” என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புவதில் தப்பில்லை.

ஸ்டார்ட் செய்யும்போது பானட் திறந்திருக்கட்டும். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஸ்டார்ட் ஆனதும் ஓரிரு நொடி கடகடவென்று உலோகச் சத்தம் வந்து அடங்கினால் செயின், டென்ஷனர் பக்கம் சந்தேகம். சைலன்சரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

கூலன்ட் விஷயத்தில் இந்த எஞ்சினுக்குத் தெரிந்த பலவீனம் ஒன்று உண்டு: வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் உறை. நாளாக நாளாக அது விரிசல் விட்டுக் கசியும். இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே மறைவாக இருப்பதால் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு நிறத்தில் உப்புப் படிந்ததுபோல் கறை தெரிந்தால் கசிவு நடந்திருக்கிறது. ஏற்கெனவே மாற்றிய பில் இருந்தால் அது வண்டிக்குப் பிளஸ் பாயின்ட். சில உரிமையாளர்கள் இதைக் குறைபோல மறைப்பார்கள், பாவம்.

கழற்றி மாட்டிய தடயங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றக்கூடிய கராஜ் வேண்டும்; ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளில் பழகிய மெக்கானிக் வேண்டும். விற்பவருக்கு வேண்டிய கராஜ் வேண்டாம்.

மேலிருந்து தொடங்குங்கள். எஞ்சின் மேல் மூடியைத் தூக்கினால் நான்கு இக்னிஷன் காயில்கள் தெரியும். சிவப்புத் தலைக் காயில்கள் இருந்தால் அவை ஆடி ஆர்8 பாகங்கள். ரீமேப் செய்பவர்கள் விரும்பிப் போடுவது. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் சொன்ன எண்ணோடு ஒப்பிடுங்கள். கூடுதல் பூஸ்ட்டுக்காக (டர்போவின் காற்றழுத்தத்துக்காக) குளிர் ரக பிளக் போட்டிருப்பார்கள். வண்டியை ஸ்டாக்குக்குத் திருப்பும்போது பலர் மறப்பது இதைத்தான்.

ஏர் ஃபில்டர் பெட்டியின் திருகுகளில் தலை தேய்ந்திருக்கிறதா, இன்டேக், இன்டர்கூலர் குழாய்களில் ஃபேக்டரி கிளாம்ப்பா, கடையில் வாங்கித் திருகும் கிளிப்பா என்று பாருங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கடை கிளிப் என்றால் ரிப்பேராக இருக்கலாம். வரிசையாக எல்லா மூட்டிலும் இருந்தால் குழாய்கள் மாறி மாறி வந்திருக்கின்றன. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவின் பெட்டி மூடி ஓரத்தில் நெம்பிய கீறலோ புதிய சிலிகான் பசையோ இருந்தால் யாரோ அதைத் திறந்திருக்கிறார்கள்.

இப்போது கீழே. டர்போவில் இருந்து இறங்கும் டவுன்பைப்பின் கிளாம்ப், போல்ட், நட்டுகளைக் கவனியுங்கள். ஏழெட்டு வருட வண்டியில் எல்லாம் ஒரே மாதிரி துருவேறி இருக்க, அவை மட்டும் பளபளவென்றிருந்தால் விடை கிடைத்துவிட்டது. எக்ஸாஸ்டில் வெல்டிங் வெட்டு, ஆக்ஸிஜன் சென்சார் இழைகளில் ஸ்பேனர் பட்ட தடம், அடிப்பகுதி பிளாஸ்டிக் தகட்டில் காணாமல்போன திருகுகள் எல்லாம் இதே ரகம். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சப்ஃபிரேமோடு பிணைக்கும் கீழ் மவுன்ட்டிலும் சிலர் கெட்டி ரப்பர் செருகுவார்கள். அந்த போல்ட்டிலும் தடம் இருக்கும்.

சக்கரங்களைக் கழற்றுங்கள். ஸ்பிரிங்குகளில் ஃபேக்டரி பெயின்ட் புள்ளிகள் இருக்க வேண்டும். இடமும் வலமும் ஒரே வயதாகத் தெரிய வேண்டும். வீல் ஆர்ச்சின் உள் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அகல டயருக்காக அதை மடித்திருந்தால் பெயின்ட் வெடித்திருக்கும். ஹப்பின் முகத்தில், சக்கரத்தை வெளியே தள்ள வைக்கும் ஸ்பேசர் தகடு அழுத்திய வளையம் தெரியலாம். ஏ-பில்லர் பிளாஸ்டிக்கில் பூஸ்ட் மீட்டர் மாட்டிய துளை, டாஷ்போர்டுக்குக் கீழே கருப்பு டேப் சுற்றிய ஒயர் இணைப்பு, முன் பம்பரின் அடியில் ஸ்ப்ளிட்டர் திருகிய ஓட்டைகள்... பார்ட்டைக் கழற்றலாம், ஓட்டையை யாரும் அடைப்பதில்லை.

டிராக்கில் ஓடிய வண்டியா என்பதும் இதோடு தெரிந்துவிடும். டயரின் தோள்பட்டையில் ரப்பர் சுருண்டிருக்கும், பிரேக் டிஸ்க் சூட்டில் நீலம் பூத்திருக்கும். கோவை செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ வருடத்துக்கு ஒரு நாள் ஓட்டியவர் என்றால் நான் அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆயிலையும் பிரேக் ஆயிலையும் மற்றவர்களைவிட முன்கூட்டியே மாற்றுகிறவர்கள்.

ஸ்கேனர் சொல்லும் கதை

விசிடிஎஸ் அல்லது ஓபிடிலெவன் போன்ற கருவியால் எல்லா மாட்யூல்களையும் (வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை) ஸ்கேன் செய்யுங்கள். இங்கே நான்கு விஷயங்கள்.

ஒன்று, பிழைக் குறியீடுகளோடு சேர்ந்து பதிவாகும் கிலோமீட்டர். ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளில் பிழை எந்தக் கிலோமீட்டரில் வந்தது என்பதும் பதிவில் இருக்கும். மீட்டரில் 58,000 காட்ட, பிழை 92,000-இல் விழுந்ததாக ஏதாவது ஒரு மாட்யூல் சொன்னால் மீட்டரைத் திருப்பிய கதை அங்கேயே முடிந்தது.

இரண்டு, ரெடினஸ். வினையூக்கி, ஆக்ஸிஜன் சென்சார் போன்றவற்றை இசியூ தானாகச் சோதித்து முடித்ததா என்று காட்டும் பட்டியல் இது. பிழைகளை அழித்தால் இதுவும் அழிந்துவிடும்; திரும்ப நிரம்ப வண்டி ஓட வேண்டும். பிழை ஒன்றும் இல்லை, ரெடினஸும் பூர்த்தியாகவில்லை என்றால் நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள். பேட்டரி கழற்றினேன் என்பார்கள். சரி, இரண்டு நாள் ஓட்டிவிட்டுச் சொல்லுங்கள், திரும்ப வருகிறேன் என்று சொல்லுங்கள்.

மூன்று, இசியூ மென்பொருளின் எண்ணும் அதன் சரிபார்ப்பு எண்ணான சிவிஎன்னும். அதே மென்பொருள் பதிப்புள்ள இன்னொரு ஸ்டாக் ஆர்எஸ்-இன் சிவிஎன்னோடு ஒப்பிட வேண்டும். அதற்குத்தான் அந்த வாட்ஸ்அப் குழு. எண் பொருந்தினால் இன்று ஸ்டாக் என்று மட்டும் பொருள்.

நேற்றைய நிலையை அறிய நான்காவது: எத்தனை முறை மென்பொருள் ஏற்றப்பட்டது என்ற எண்ணிக்கை. ஷோரூம் அப்டேட்டும் இதில் சேரும் என்பதால் சர்வீஸ் வரலாற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். கைதேர்ந்த ட்யூனர் இந்த எண்ணிக்கையையும் திருத்திவிடுவார். ரீமேப் செய்த நிலையில் வண்டி அங்கீகரிக்கப்பட்ட சென்டரின் கணினியில் இணைக்கப்பட்டிருந்தால், குழுமத்தின் மத்தியப் பதிவில் அந்தச் சேசிஸ் எண்ணுக்கு எதிராக, மென்பொருள் மாற்றப்பட்டது என்று காட்டும் ‘டிடி1’ குறி விழுந்திருக்கலாம். உரிமையாளரை உடன் வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பாருங்கள்.

இன்னும் சந்தேகம் இருந்தால் திறனை அளக்கும் கருவியான டைனோவில் ஏற்றுங்கள். சக்கரத்தில் அளக்கும் திறன் எஞ்சின் திறனைவிடக் குறைவாகத்தான் வரும். 230 பிஎஸ் வண்டி சக்கரத்திலேயே 250 காட்டினால் பேச்சு முடிந்தது.

ஓட்டிப் பார்ப்பது

எல்லோரும் ஆக்ஸிலரேட்டரை மிதித்துச் சிரித்துவிட்டு வருவார்கள். அதில் ஒன்றும் தெரியாது; கிளட்ச் தேய்ந்த ஆர்எஸ்-கூட வேகமாகத்தான் போகும். மெதுவாக ஓட்டுங்கள். டிராஃபிக்கில் ஊர்வதுபோல் பிரேக்கை மட்டும் விட்டு விட்டு நகர்த்துங்கள். அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தால் டிஎஸ்ஜி ஆயில் பழசு அல்லது கிளட்ச் களைத்துவிட்டது. ஆர்எஸ் 230-இன் ஆறு கியர் பெட்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும், பில்லைக் கேளுங்கள். லேசான மேட்டில் நிறுத்தி ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். பிறகு மூன்றாவது கியரில் குறைந்த வேகத்தில் இருந்து முழுதாக மிதித்து, டேக்கோமீட்டர் மட்டும் துள்ளி வண்டி பின்தங்குகிறதா என்று கவனியுங்கள். அது கிளட்ச் வழுக்கல்.

நூறில் இருந்து நிதானமாகப் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க். வேகத்தடையில் ‘டக்’ என்றால் சஸ்பென்ஷனின் ஸ்ட்ரட் மவுன்ட் அல்லது புஷ். நம் ஊர்ச் சாலையில் இவை சாதாரணம், விலையில் கழித்துக்கொள்ளலாம்.

வெள்ளமும் விபத்தும்

சென்னைப் பதிவு வண்டி என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கே நின்றது என்று கேளுங்கள். கேரள வண்டி என்றால் 2018 ஆகஸ்ட்தான் கேள்வி. ஸ்டெப்னி குழி, சீட் ரயிலின் அடித் துரு, முழுதாக வெளியே இழுத்த சீட் பெல்ட்டின் கடைசிப் பகுதியில் சேற்றுக்கோடு எல்லாம் பாருங்கள். வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் ஏன் என்று யோசியுங்கள். இறக்குமதி மாட்யூல்கள் நிறைந்த காரில் வெள்ளம் பார்த்த வண்டியை எந்த விலைக்கும் தொடாதீர்கள்.

பெயின்ட் தடிமன் மானி வாடகைக்கோ மெக்கானிக்கிடமோ கிடைக்கும். ஃபேக்டரி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரானை ஒட்டி இருக்கும். ஒரு பம்பர் ஓரத்தில் டச்-அப் என்றால் விடுங்கள். கூரையிலோ தூண்களிலோ எண் எகிறினால் கிளம்புங்கள்.

விலை

ஸ்டாக், நன்கு பேணியது: இரண்டும் ஒன்றல்ல. எட்டு வருடத்தில் 15,000 கிலோமீட்டர் மட்டும் ஓடி அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் தூங்கிய வண்டியில் டயர், பேட்டரி, எல்லா ஆயில்களும், ரப்பர் குழாய்களும் வயதால் போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். தினமும் ஓடி 70,000 தாண்டி, தடிமனான பில் ஃபைலோடு நிற்கும் வண்டியை நான் தயங்காமல் அதற்கு மேலாக வைப்பேன்.

“ஸ்டேஜ் 1 இருந்தது, இரண்டு வருடம் ஓட்டினேன், இதோ பில்” என்று தானாகச் சொல்பவரையும் உடனே ஒதுக்காதீர்கள். ஸ்டாக் வண்டிக்கான விலையைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். என்ன விலையில் முடித்தாலும், அதில் பத்தில் ஒரு பங்கையாவது முதல் வருடச் செலவுக்கு ஒதுக்கி வையுங்கள்.

கைமாற்றம்

அட்வான்ஸ் கொடுக்கும்போது வண்டி எண், சேசிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், “மாற்றங்கள் ஏதும் செய்யப்படவில்லை” என்ற வாசகம் எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மழுப்புபவர் இங்கே தடுமாறுவார்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் இருந்திருந்தால் வங்கியின் கடிதத்தோடு படிவம் 35. வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று. பெங்களூர் வண்டி மலிவு என்று பாய்வதற்கு முன் வரியைக் கணக்கிடுங்கள்: தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம், பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும். அந்த மாநிலத்தில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பப் பெறுவது தனி அலைச்சல். யார் அலைவது என்பதை விலை பேசும்போதே முடிவு செய்யுங்கள்.

இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். பழைய உரிமையாளரின் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. பிரீமியம் கொஞ்சம் கூடும். ஃபாஸ்டேக்கையும் அவரை மூடச் சொல்லிவிட்டுப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது சாவி, வீல் லாக் இருந்தால் அதன் அடாப்டர், சர்வீஸ் புக் மூன்றையும் பணத்தின் கடைசித் தவணை கைமாறுவதற்கு முன்பே எண்ணி வாங்கிவிடுங்கள்.